ராணி பாடாத மழை

என் வீட்டுக்காரர் மாயகிருஷ்ணனுக்குப் பாட்டுப்படக் கிறுக்கு. நாலு சண்டையும் ஐந்து பாட்டுமாக இப்போது வருகிற படமில்லை. பேசும்படம் வந்த புதிதில் எடுத்தது. ஒரு படத்துக்கு நாற்பது பாட்டு இருக்கும். தண்ணீர் கேட்டாலும் பாட்டு, சண்டை போட்டாலும் பாட்டு. நெஞ்சில் கத்தி இறங்கின பிறகும் ராசா முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். "அதாம்ட்டி படம். மத்ததெல்லாம் வெறும் நோட்டீசு" என்பார். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் விற்கப் போனால், வாங்க வந்தவனிடம் எந்தெந்தப் பழைய படத்தைத் தவறவிடக் கூடாது என்று பேசியே வியாபாரத்தைக் கோட்டை விட்டுவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிலும் ஒரு படம் அவருக்கு உசிர். சின்ன வயதில் கோவில்பட்டியில் பார்த்தது. ஒரு நாட்டில் பல வருடம் மழையில்லை. கடைசியில் ராணி வறண்ட கம்மாய்க்குள் இறங்கி நின்று பாடுவாள், மழை கொட்டும். அது எங்கள் ஊருக்குப் பழகின கதைதான். வானம் பொய்த்த வருடம் காளியம்மன் கோயில் முன்னால் அதை ராகம் போட்டுப் படிக்க வைப்பார்கள். ஒரு வரி விடாமல் முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் வானம் அடைத்துக்கொள்ளும் என்பார்கள்.

எண்பத்திரண்டில் கம்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கதை படிக்கிறவர் குளத்தூர்ப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனார். வேறு ஆள் இல்லை. எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது ஒரு பானை விதைக்கம்பு. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடக்கையில் அதில் கை வைக்கலாமா என்று தினமும் கேட்பேன். "மழை பெஞ்சா எதைட்டி விதைப்ப?" என்று தினமும் தடுப்பார். பெய்துவிடும் என்று அப்படி ஒரு நம்பிக்கை அவருக்கு.

அவர்தான் ஊர்ப் பெரியவர் சாமித்துரையிடம் போய்ச் சொன்னார். "படிக்க ஆளில்லேன்னா என்ன அண்ணாச்சி? படத்தைப் போடுவோம். கதை மொத்தமும் அதுல பாட்டாவே இருக்கு." வேறு வழி தெரியாத ஊர் தலையாட்டியது. பக்கத்து டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிற எட்வர்ட், மதுரை முழுக்க அலைந்து ஒரு பழைய பிரிண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கோயிலுக்குப் போகிற மாதிரித்தான் போனோம். எல்லோரும் தலை முழுகி, விரதமிருந்து, செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விட்டோம். திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சூடம் கொளுத்தப் போனபோது எட்வர்ட் ஓடி வந்தார். "யம்மா, இது அந்தக் காலத்துப் பிலிம். தீயைக் கண்டா கொட்டகையே மிஞ்சாது!" பெண்கள் குலவை போட்டோம். படம் ஓடியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே பிடித்துப்போயிற்று. ஒருத்தியும் எழுந்து போகவில்லை. மாடு செத்ததற்கு ஒரு குடியானவன் பாடினான், கூடவே நாங்களும் அழுதோம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு.

கடைசியில் ராணி கம்மாய்க்குள் இறங்கினாள். கையைக் கூப்பினாள், வாயைத் திறந்தாள். திரை ஒரு துள்ளு துள்ளியது. அடுத்து மழை கொட்டுகிறது, ராசா நனைந்துகொண்டே சிரிக்கிறார், சுபம்.

சாமித்துரைதான் எழுந்தார். "பாட்டு எங்க?"

எட்வர்ட் தலையைச் சொறிந்தார். "பாட்டு கூடிப்போச்சுன்னு ஊருக்கு ஊரு வெட்டியிருப்பாவ அண்ணாச்சி. நான் தொடலை. வந்ததே இப்படித்தான்."

"பாதியில நிக்கக் கூடாதுய்யா! மாயகிருஷ்ணா, நீ பார்த்தவன்தான, நீ பாடி முடி."

அவர் எழுந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு வரி பாடினார். திரும்ப அதே இரண்டு வரி. மறுபடியும் அதே. ஏர் பிடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வரியைத்தான் பாடுவார். பிடித்த வரி போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். ஊர் கலைந்து போனது. போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேற பிரிண்டு எங்கயாச்சும் இருக்குமா?" என்று எட்வர்டிடம் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. மிச்சமிருந்ததை, பழைய பிலிம்ல இருக்க வெள்ளியை எடுக்கக் கழுவித் தள்ளிட்டாவ. இதுதான் கடைசி."

மறுநாள் காலையில் விதைப்பானையை அவரே தூக்கி வந்து உரல் பக்கத்தில் வைத்தார். "இடிச்சிரு."

பதறிப்போனேன். "என்ன பேசுதீங்க? நாளைக்கே பெஞ்சா?"

"அந்தப் பாட்டு இனி உலகத்துலயே இல்லட்டி. பெய்யாது."

சினிமாக்காரன் எதையோ வெட்டினால் வானத்துக்கு என்னய்யா என்று கத்தினேன், காலைக்கூடப் பிடித்தேன். அவர் கேட்கவில்லை. உலக்கையை எடுத்து அவரே இடித்தார். பிள்ளைகள் அந்தக் கொஞ்ச நாளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நானும்தான் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை மண்வாசம் அடித்து விழித்தேன். நல்ல மழை. தெருவில் ஆளாளுக்குக் கலப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சாமித்துரை வீட்டில் விதைப்பெட்டியை வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"யாருட்டி பாடுனா?" என்றார்.

"யாரும் பாடல. அதுவாப் பெய்யுது."

கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.