தேவநாதனின் அருவி

தேவநாதன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறான் என்பதில் அவன் பெண்டாட்டி காஞ்சனாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வளைகுடாச் சண்டைக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு வராமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளில் பாதி லைன் தூங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. "சூப்பர்வைசர் கண்ணுல பட்டுக்கினே இருக்கணும். இல்லாங்காட்டி மொதல்ல என் சீட்டுதான் கிழியும்" என்று சொல்லியிருந்தான்.

சம்பளமில்லாத வேலை. இந்த மனுஷன் மாடாய் உழைக்கிறானே என்று அவள் இருட்டோடு எழுந்து புளிச்சோறு கிளறி, வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அதையும் அவித்து டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புவாள். விளக்கு வைத்த பிறகு நொண்டிக்கொண்டு வந்து சாய்வான். நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்ற கால் அல்லவா! எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். அவனும் கண்ணை மூடிக்கொண்டு வாகாகக் காலை நீட்டிக் கொடுப்பான்.

விஷயத்தை உடைத்தது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி. அவள் புருஷன் அதே கம்பெனியில் வாட்ச்மேன்.

"ஞாயித்துக்கெழமயா? கம்பெனி கேட்டே தொறக்கறதில்லியே காஞ்சனா. சாவி எங்க வூட்டு ஆணியில தொங்கிக்கினு கீது."

அன்று ராத்திரி அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. "யாரு அவ?" என்று மட்டும் கேட்டாள்.

"எவளும் இல்ல" என்றான் தேவநாதன். "அருவிக்குப் போறேன்" என்றான். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லை மலையில், ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் ஒரு அருவி இருக்கிறதாம். குளிப்பானாம், பாறையில் படுத்துக்கிடப்பானாம். அவ்வளவுதானாம்.

காஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு. ஆனால் பொழுது விடிவதற்குள் அது கசந்துபோனது. பொம்பளை என்றால் கொண்டையைப் பிடித்து உலுக்கலாம், ஊரைக் கூட்டலாம். தண்ணீரை என்ன செய்வது? நான் குழாயடியில் குடத்தோடு நிற்கிற நேரத்தில் இவன் அருவியில் நிற்கிறான். என் முட்டையை அங்கே உட்கார்ந்து தின்கிறான். மலை ஏறி வந்த காலை என்னிடமே பிடிக்கக் கொடுக்கிறான். இதையெல்லாம்கூட அவள் தின்று செரித்துவிடுவாள். 'காஞ்சனாவும் வந்திருந்தா நல்லா இருக்கும்' என்று ஒரு தடவையாவது இவன் நினைத்தானா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வர்ற ஞாயித்துக்கெழம என்னியும் கூட்டிகினு போ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று சொன்ன வாய் அது.

போனார்கள். ஓடையில் இறங்கியதும் காஞ்சனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். முழங்கால் தண்ணீரில் பொடிமீன்கள் காலைக் கொத்தின. கூழாங்கல் குத்தியதுகூட சுகமாகத்தான் இருந்தது. மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, ஆடி மாதத்து வெயில் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேரைப் பிடித்து, பாறையில் தவழ்ந்து, மூச்சு வாங்கி ஏறினாள். ஒரு திருப்பத்தில் இரைச்சல் கேட்டது. அடுத்த திருப்பத்தில் அருவியே தெரிந்தது.

சுமாராக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவள் அவள். இதற்கா இவ்வளவு பொய் என்று காறித் துப்பிவிட்டு, மன்னித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அது அப்படியொரு அருவி. சேலையைச் செருகிக்கொண்டு அடியில் போய் நின்றாள். தண்ணீர் தலையிலும் தோளிலும் மொத்தியது. கழுத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த பிடிப்பு இளகியது. யார் கேட்கப்போகிறார்கள் என்று வாய்விட்டுக் கத்தினாள், சிரித்தாள். கோபம் எங்கே போனதோ.

"வாங்க, வாங்களேன்" என்று கையை நீட்டிக் கூப்பிட்டாள்.

தேவநாதன் தள்ளி ஒரு பாறையில், சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் போல.

"நீ குளி" என்றான். "நான் அப்பால பாத்துக்கிறேன்."

அவள் இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். அவன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தான்.

"சீக்கிரம் ஏறி வா. மூணு மணி பஸ்ஸ வுட்டா வூட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிப்புடும்."

காஞ்சனா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தண்ணீரை விட்டு வெளியே வந்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்று முந்தானையைப் பிழிந்தாள். கேட்க வேண்டியது இனி ஒன்றுமில்லை. அவன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.