சத்தம் போதவில்லை

அவளுடைய முடியை இடது கையில் சுருட்டிப் பிடித்தபடியே அவன் வலது கையை நீட்டி லேப்டாப்பில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அமுக்கினான். திரையில் நூறு என்று வந்து மறைந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதே நூறு. பாட்டு என்னவோ மூடிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலத்தான் வந்துகொண்டிருந்தது.

"என்ன இது, சத்தமே வரல?" என்றான். அவளிடம்தான் கேட்டான். கரண்ட் போனால் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்பதில்லையா, அதே குரலில் கேட்டான். ஒரு கன்னம் தரையில் அழுந்தியிருக்க, தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். அவன் முடியை விட்டுவிட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்து வலையில் வாயை வைத்து ஊதினான். தட்டினான். காதில் வைத்துக் கேட்டான். பிறகு சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அன்றைக்கு அவள் பாதியோடு தப்பித்தாள். பாட்டு இல்லாமல் அடிக்க அவனுக்குக் கை வராது.

அந்த வட்டாரத்தில் அவனை டிரைவிங் மாஸ்டர் என்பார்கள். தங்கமான மனுஷன் என்றும் சொல்வார்கள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஓட்டத் தெரியாதவர்களோடு ஊரைச் சுற்றுவது அவன் தொழில். ஒருவர் சைக்கிள்காரன் மேல் ஏற்றப் போவார், இன்னொருவர் லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இவன் மெதுவாகப் பிரேக்கை அமுக்கிவிட்டு, பரவாயில்லை, பதறாதீங்க, மறுபடி எடுங்க என்பான். குரல் உயராது. பெண்கள் தேடிவந்து அவனிடம்தான் சேர்வார்கள். அந்தப் பொறுமை முழுக்க வண்டியிலேயே தீர்ந்துவிடும், வீட்டுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. அன்றைக்கு எந்த மாணவர் வண்டியை எதில் உரசினார் என்பதை அவள் தன் உடம்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

கல்யாணமான புதிதில் வாயைப் பொத்தித்தான் அடித்தான். ஒரு நாள் அவள் கையைக் கடித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் பாட்டு வந்தது. முதலில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினான். அது எப்படியோ வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. எப்படியோ என்ன, அவள்தான் போட்டாள். அதற்கு அவள் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து லேப்டாப்தான். கதவைத் தாழிடுவான், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரின் ஓரமாக அதை வைப்பான், பாட்டைத் தேர்ந்தெடுப்பான். அதிலும் அவசரம் கிடையாது. அம்மா வீட்டுக்கு அவள் போகாமல் இல்லை, போனாள். அவன் போய் வாசலில் உட்கார்ந்து பணிவாகப் பேசினான். இவ்வளவு பொறுமையான மாப்பிள்ளை யாருக்கடி கிடைப்பார் என்று அம்மாவே பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்கு அன்றைக்கே புரிந்துபோயிற்று. யாராவது ஒருவர் தங்கள் சொந்தக் காதால் கேட்டாக வேண்டும். ஒரே ஒருவர் போதும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் போதும். அக்கா மாஸ்டரிடம்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள், வாய்ப்பேச்சுக்கு மசிய மாட்டாள். ஆனால் கெட்டவள் இல்லை. மாடிப்படியில் பார்த்தால் நின்று பேசுவாள். உங்க வீட்டில் எப்போதும் பாட்டும் கூத்துமாக இருக்கிறது, கேட்கவே சந்தோஷம் என்று ஒரு தடவை சொன்னாள். அவளுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கிறது, அதுதான் பிரச்சினை என்று இவள் முடிவு செய்தாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்கு மெஷினில் தேய்ப்பதும் பூச்சிக்கண் அளவு திருகாணிகளை முடுக்குவதும் அவள் வேலை. மெஷினில் லென்ஸ் வழுக்காமல் பிடிக்க ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நீல நிறம், ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், ஒட்டினால் லேசில் வராது. ஒரு நாள் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்பீக்கர் இரண்டும் அந்த ஸ்டிக்கருக்கென்றே அளவெடுத்துச் செய்தவை போல இருந்தன. பக்கத்துக்கு ஒன்று ஒட்டி மூடினாள். அதற்கடுத்த அடியின்போது சுவரின் அந்தப் பக்கமிருந்து யாராவது வந்து கதவைத் தட்டுவார்களா என்று அடியை எண்ணாமல் அதையே எதிர்பார்த்துக் கிடந்தாள். தட்டவில்லை. பாட்டுச் சத்தம் இன்னும் அதிகம்தான் போலிருக்கிறது என்று நினைத்து ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கராக இன்னொரு அடுக்கு ஒட்டினாள். அப்போதுதான் சத்தம் குறைந்ததை அவன் கண்டுபிடித்தான்.

கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி லேப்டாப், போன் பழுது பார்க்கும் கடை. தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டு, சரிசெய்ய முடியாது என்று கடையில் சொல்லிவிட்டதாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் மதியம் அவனே வண்டியை நிறுத்திவிட்டு லேப்டாப்போடு இறங்கி வந்தான். கண்ணாடிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, நீயும் வா என்றான். முதலாளிக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

மெக்கானிக் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காந்தத் தட்டில் போட்டான். அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூடி திறந்தது. விளக்கை இழுத்துக் குனிந்த மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. அந்த நீல ஸ்டிக்கரை அவனுக்கு நன்றாகத் தெரியும், எதையாவது ஒட்ட வேண்டும் என்று அவளிடமே அவ்வப்போது வாங்கிப் போகிறவன். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மாஸ்டர் அப்போது சுவரில் தொங்கிய சார்ஜர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூசி மாஸ்டர். ஒரு வண்டி தூசி" என்ற மெக்கானிக், நான்கையும் உரித்துக் கையில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான்.

இவள் பெருக்குகிற லட்சணம் அப்படி என்றான் மாஸ்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூடியைப் போட்டுப் பாட்டை வைத்ததும் கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. மாஸ்டருக்கு அதுவும் போதவில்லை. இன்னும் ஏறுமா என்று கேட்டான். தொழில் தெரிந்தவனுக்கு இப்படிக் கேட்டால் உற்சாகம் வந்துவிடும். மெக்கானிக் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தான், நூறு இருந்த இடத்தில் இருநூறு வரைக்கும் போகலாம். ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால் மெத்தை மேல் வைக்கக் கூடாது, வெறும் மரப்பலகை மேல் வையுங்கள், சுவர் மூலையில் தள்ளி வைத்தால் இன்னும் தூக்கிக் கொடுக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு யோசனையும் தன் முதுகில் வந்து இறங்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். பாவம், அவனுக்குத் தெரியாது.

மாஸ்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் மெக்கானிக் அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டான். மாட்டிவிட்டிருப்பேன், தப்பித்தீர்கள் என்றான். பாட்டு என்றால் அவ்வளவு வெறுப்பா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றான். அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம், இவன் நல்லவன்தான். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் அவனே பேசிவிட்டான்.

"சத்தமே வேணாம்னா ஸ்டிக்கர் எல்லாம் எதுக்குக்கா? டிரம்ஸ் அதிகமா இருக்கிற பாட்டா பாத்து இருநூறுல வச்சு ஓட விடுங்க. ஸ்பீக்கர் ரெண்டும் கிழிஞ்சு போயிடும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பாட்டு ஓடிட்டிருக்கும்போதே கிழியுமா?" என்று கேட்டாள்.

"பட்டுனு போயிடும்க்கா. அப்புறம் ஒண்ணுமே கேக்காது."

அன்று சாயங்காலம் அவன் லேப்டாப்பை மூலைக்குத் தள்ளிப் பலகை மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தான். அடிக்க இல்லை, சும்மா. அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அவள் துணி மடித்துக்கொண்டே, என்னங்க, நூற்றைம்பதில்தான் இருக்கிறது, இன்னும் ஏறும் என்றாள். அவன் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தான். பிறகு ஏற்றினான். பெண்டாட்டிக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கு வார விடுமுறை வந்த அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவன் பட்டியலில் இருந்ததிலேயே பேயறை அறைகிற பாட்டை ஓட விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி கவனித்தாள். கனமான அடி விழும் இடங்களில் லேசாக ஒரு உறுமல் சேர்ந்துகொண்டது. அங்கேயே நிறுத்தினாள். பாட்டின் நடுவில், அவன் கை ஓங்கியிருக்கும்போது, அந்தச் சுவருக்கு முன்னால் கிழிய வேண்டும். அந்தப் பாட்டையே பட்டியலில் முதலாவதாக நகர்த்தி வைத்தாள்.

அவன் உடைந்த சைடு மிர்ரரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அன்று அது நடந்தது. யாரோ சாலை நடுவிலிருந்த தடுப்பில் ஏற்றிவிட்டார்கள். மிர்ரரை மேசை மேல் வைத்தான், கதவைத் தாழிட்டான், செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். லேப்டாப் மூலைக்குப் போனது. அவள் ஓடவில்லை. பாட்டு எழுந்தபோது தரை நடுங்கியது. முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது, தோட்டின் கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கீழே விழுந்தவளின் இடுப்பில் உதைத்தான். மறுபடி உதைத்தான். அவள் வலியை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உறுமல் வந்தது. பிறகு கர்ரென்று ஒரு கிழிசல். பாட்டு கொசுவாக இளைத்து, அதுவும் நின்றது.

ஓங்கிய கை நிற்கவில்லை. பாட்டு வந்த பிறகு ஒரு அறையின் சத்தத்தை இருவரும் முதன்முறையாகக் கேட்டார்கள். ஈரத்துணியைக் கல்லில் அடித்தது மாதிரி இருந்தது. அவனே திடுக்கிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா! அடிக்கிறாருக்கா! கொன்னுடுவாருக்கா, வாங்கக்கா!"

தனக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. அவன் இரண்டடி பின்வாங்கினான். லாரிகளுக்கு நடுவில் கலங்காதவன் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் ஏதோ போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, மெல்லிசாகக் கைதட்டல் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். கைதட்டல் ஒரு படி உயர்ந்தது. இன்னொரு படி. இன்னும் ஒன்று. நடத்துகிறவர் பேசும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்வரை ஏறிவிட்டு நின்றது.

அக்காவுக்கு எப்போதுமே கேட்டுத்தான் இருந்திருக்கிறது. அது புரிந்தபோது அடிபட்ட இடம் எதுவும் வலிக்கவில்லை, வேறெங்கோ வலித்தது. அவன் முகத்திலும் அது ஏறியது, மெதுவாக. நிறம் திரும்பி வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பழகுநர்களிடம் பேசும் அந்தத் தங்கமான குரலில் சொன்னான்.

"பரவாயில்ல. பதறாத. மறுபடி கூப்பிடு."

அவள் கூப்பிடவில்லை. தவழ்ந்து போய் மூலையிலிருந்த லேப்டாப்பை மூடி, இரண்டு கையாலும் எடுத்தாள். அதை அணைக்கப் போகிறாள் என்று அவன் நினைத்திருப்பான். எழுந்த வேகத்தில் அதன் விளிம்பு அவன் வாயில் இறங்கியது. பல் உடைந்தது அவள் கைக்குத் தெரிந்தது. அவன் வாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பிடரியில் ஒன்று போட்டாள். மண்டி போட்டவனின் தோளில், முதுகில், தடுக்க வந்த விரல்களில், கை போன இடத்திலெல்லாம் போட்டாள். கீல் முறிந்து திரை தனியாகத் தொங்கியது. அப்படியும் விடவில்லை. எத்தனையோ நாளாகச் சேர்ந்தது. அவன் ஐயோ அம்மா என்று அலறினான். கம்மிய, ஈரமான, ஒரு ஆம்பளையின் அலறல்.

டிவி நின்றது. பட்டென்று, பாதிச் சொல்லில் நின்றது. ஒரு கதவு திறந்தது, மாடியில் இன்னொன்று. படியில் செருப்புகள் தடதடத்தன. கதவை உடைத்துவிடுவது போலத் தட்டினார்கள்.

"மாஸ்டர்! மாஸ்டர், என்ன ஆச்சு? யார் உள்ள?" அக்காவின் குரல்தான்.

அவள் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். ஒரு கையில் லேப்டாப் தொங்கிக்கொண்டிருந்தது. காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கிச் சட்டையின் தோளை நனைத்திருந்தது. வாசலில் இருந்தவர்கள் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்கள். ஐயோ, ரத்தம் என்றார் ஒருவர். அக்காவின் வீட்டுக்காரர் அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார், தண்ணீர் கொண்டு வாங்க என்று கத்தினார். மாடி வீட்டு ஆட்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் புகுந்து போனார்கள். அக்கா மட்டும் நிலைப்படியில் அவளுக்கு நேரெதிராகச் சிக்கிக்கொண்டாள்.

அவசரத்தில் ஓடி வந்ததில் அக்காவின் கையில் டிவி ரிமோட் அப்படியே இருந்தது. கட்டைவிரல் இன்னும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அக்காவும் பார்த்தாள். பேச வந்தது போல உதடு அசைந்தது. பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல அக்காவின் முதுகுக்குப் பின்னால் போயிற்று.