விசா வரும் வரை பிறக்காத பிள்ளை

கொட்டாஞ்சேனை ஐறீன் ஐந்து வருடங்களுக்கு மேல் கர்ப்பமாக இருந்தாள். ஒரே பிள்ளைதான். அது கட்டி, காற்று, மனப்பிரமை என்று வெளியாட்கள் பலவிதமாகச் சொன்னார்கள். எங்கள் லேனில் யாருக்கும் அப்படியொரு சந்தேகம் வந்ததில்லை, ஏனென்றால் பிள்ளை ஏன் பிறக்காமல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அது விசாவுக்காகக் காத்திருந்தது. எந்த நாட்டு விசா என்று மட்டும் எழுத வேண்டாம் என ஐறீன் கேட்டிருக்கிறாள். என்றாவது திரும்ப விண்ணப்பித்தால் அது பாதிக்குமாம். ஆகவே குளிர் நாடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே பனி கொட்டும், பஸ் சொன்ன நேரத்துக்கு வரும்.

அந்த நாட்டுக்காரன் யொனாஸ், கப்பல் எஞ்சினியர். அவனுடைய கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கொழும்புத் துறைமுகத்தில் நின்றபோது கடைவாய்ப் பல் வலி தாங்காமல், ஐறீன் வேலை செய்த பல் டாக்டரிடம் வந்தான். பல்லைப் பிடுங்கிய பிறகும் பிடுங்கிய பல் வலிக்கிறது என்று பல தடவை வந்தான். டாக்டர் வாயைப் பார்த்தார். முன்மேசையில் இருந்த ஐறீன் ஆளைப் பார்த்தாள். அடுத்த வருடம் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். பாதர் அவனுடைய குடும்பப் பெயரை மூன்று ஞாயிறும் மூன்று விதமாக வாசித்தார், என்றாலும் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து யொனாஸ் வீட்டு ஒழுங்குகளைப் பார்க்கத் திரும்பிப் போனான். ஐறீன் ஐந்து மாதக் கர்ப்பிணியாக விசா அலுவலுக்குப் புறப்பட்டாள்.

அந்த நாட்களில் விசா அலுவல் என்றால் எல்லோரும் வெள்ளவத்தைக்குத்தான் போவோம். காலி வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த கிருபாகரன், வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்புவதில் கெட்டிக்காரர். பத்திரங்களை எல்லாம் சரிபார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தங்கச்சி, பிள்ளை இங்க பிறந்தா ஃபைலைத் திரும்ப முதலில இருந்து போட வேண்டி வரும். அங்க போய்ப் பிறக்கிறதுதான் சுகம். விசா வரும் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ.” கடைசி வசனம் சிரிக்கவைக்கப் பகிடிக்குச் சொன்னது. ஆனால் ஐறீனின் தாய் ஜெயராணிக்குப் பகிடியும் பலகாரமும் ஒன்றுதான். யார் தந்தாலும் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அன்று பின்னேரமே மகளின் வயிற்றில் கைவைத்து, விசா வந்த பிறகு பிறந்தால் போதும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு அது லேனின் வழக்கமாகிவிட்டது. மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், கோயிலிலிருந்து வருகிறவர்கள், பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் என்று கண்டவர் எல்லோரும் அந்த வயிற்றைத் தொட்டு (ஆமாம், நானும்தான் தொட்டேன்), இப்போது வராதே, அங்கே போய்ப் பிற என்று புத்தி சொன்னோம். யொனாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவான். ஐறீன் ஸ்பீக்கரைப் போட்டு வயிற்றின்மேல் வைப்பாள். அவன் தன் பாஷையில் பனியைப் பற்றியும், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரியைப் பற்றியும், மஞ்சள் நிறம் பூசி வைத்திருக்கும் சின்ன அறையைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அதையே ஐறீனுக்கு இங்கிலீஷில் சொல்லுவான். இத்தனை பேர் ஒரே சொல்லாய் நின்றால் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை என்ன செய்யும். சொல்வழி கேட்டது.

வினை வந்தது எக்ஸ்ரேயில். நெஞ்சுப் படம் எடுக்காமல் விசா கொடுக்கமாட்டார்கள், கர்ப்பிணிக்கு நெஞ்சுப் படம் எடுக்கமாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை நடந்த இடத்தில் ஒரு பெண் மிகவும் அன்பாக, பிள்ளை பிறந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளையோ விசா வந்த பிறகுதான் பிறப்பேன் என்று இருந்தது. ஐறீனுக்கு மட்டும் படம் இல்லாமல் விசா தரும்படி கிருபாகரன் விளக்கி எழுதினார். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பத்தாம் மாதம் முடிந்தது, வருடம் முடிந்தது, பரிசீலனை முடியவில்லை.

பொரளை ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடித்தது. வயிற்றை வெட்டி எடுப்பதற்கு மூன்று தடவை நாள் குறித்தார்கள். மூன்று தடவையும் மேசையில் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. வெட்டுவதற்கு ஆளில்லாமல் தையல் ஊசியை எடுத்து வைத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியில், ஆட்டோ மருதானையைத் தாண்டும்போது, பிள்ளை வந்து தன் இடத்தில் இருந்துகொள்ளும். மூன்றாம் தடவைக்குப் பிறகு பெரிய டாக்டர் அட்டையில் ‘தாயும் சேயும் நலம், தொடர்ந்து பார்க்கவும்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.

கொரோனாவில் நாடு பூட்டிக் கிடந்த வருடத்தில் பிள்ளைக்குப் பால்பற்கள் முளைத்தன. ஐறீனுக்கு உள்ளே அரித்தது. கேஸும் எண்ணெயும் இல்லாமல்போன வருடத்தில் லேனுக்கு அவளால் பெரிய உபகாரம் நடந்தது. கர்ப்பிணிகளை வரிசையில் முன்னால் விட்டார்கள். ஆகவே காலையில் ஒரு வீட்டுக்காரரோடும் பின்னேரம் இன்னொரு வீட்டுக்காரரோடும் சிலிண்டருக்குப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினோம். “நோனா, இஸ்ஸரஹட்ட யன்ன” என்று சிங்களத்தில் முன்னால் போகச் சொல்லி சனம் ஒதுங்கி வழிவிட்டது. எங்கள் லேன் அந்த வருடம் சமைத்துச் சாப்பிட்டது அந்த வயிற்றால்தான். யாராவது அவளுக்கு நன்றி சொன்னோமா என்று எனக்கு ஞாபகமில்லை.

அவள் பட்ட பாடு வேறு. கால்கள் வீங்கிச் செருப்பு போட முடியவில்லை. குப்புறப் படுக்க ஆசைப்பட்டு அழுதாள். பல் டாக்டர் புதிதாக ஒரு பெண்ணை முன்மேசைக்கு எடுத்துக்கொண்டார். போகப்போகிறவள் என்று வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை, இடம் மாற நினைத்தாலும் அதே காரணத்துக்காக வீட்டுக்காரர் எவரும் வீடு கொடுக்கவில்லை. சாமான் கட்டிய சூட்கேஸ் கதவடியில் நின்றது, அதைச் சுற்றித்தான் வீடு கூட்டினார்கள். யொனாஸ் வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா விசாவில் வந்து முப்பது நாள் நிற்பான். வரவர அவனுடைய தாடி நரைத்தது. விமானநிலையத்தில் அவனை அனுப்பிவிட்டு வந்த ஒரு நாள் ஐறீன் தாயிடம் கேட்டாள்: “நான் என்னம்மா, பஸ் ஸ்டாண்டா? எல்லாரும் எனக்குள்ள நிண்டு எதுக்கோ பார்த்துக்கொண்டிருக்கிறீங்க. நான் எப்ப போறது?” ஜெயராணி முழங்காலில் நின்று வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவினாள். இருவருக்கும் அழுகை வந்தது.

ஒருமுறை, இரண்டுமுறை, பிள்ளையிடம் வா என்று ஐறீன் சொல்லிப் பார்த்ததும் உண்டு. ஆனால் முழு மனதாகச் சொல்லவில்லை. இந்தக் கிழமை பதில் வந்துவிட்டால் என்ற நினைப்பு ஒவ்வொரு கிழமையும் வந்தது. யொனாஸோடு ஒரே வீட்டில் ஒரு மழைக்காலமாவது இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஐந்து வருடம் கடந்தபோது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. முழங்கால்களை மடித்து, கழுத்தைச் சாய்த்து, சத்தம் போடாமல் இருக்கிறது. இன்னும் சில மாதம் இப்படி இருந்தால் எலும்பு வளைந்துவிடும், பிறகு நிமிராது என்றார். வீட்டுக்கு வந்து ஐறீன் கதவடியிலேயே இருந்துவிட்டாள். வாசலில் நின்ற உம்மு குல்தூம் விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பிறகு, “புள்ளயில குத்தமில்ல மகள். நாங்கதானே வராத வராதண்டு சொல்லி அத அங்கயே வெச்சீக்கிற. சொன்னவங்கதான் சொன்ன சொல்ல திருப்பி எடுக்கோணும்,” என்றாள்.

மறுநாள் ஐறீன் விண்ணப்பம் கொடுத்த இடத்துக்குப் போய்த் தன் ஃபைலைத் திருப்பிக் கேட்டாள். இப்போது வாபஸ் வாங்கினால் ஐந்து வருடத்துக்கு மறுபடி போட முடியாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு தடவை சொன்னார். அவருக்கும் மனசு கஷ்டமாக இருந்திருக்கும். அவள் கையொப்பம் வைத்தாள். வெளியே வந்து மர நிழலில் நின்று, இனி விசா இல்லை, நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம், நீ வா என்று முழு மனதாகச் சொன்னாள். பிள்ளை அசைந்தது. ஆனால் வரவில்லை. அது ஒருவர் சொல்லி நின்ற பிள்ளை இல்லையே.

ஆகவே சனிக்கிழமை லேன் முழுவதும் அந்த வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. கிருபாகரன் வெள்ளவத்தையிலிருந்து பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து, முதல் ஆளாகக் குனிந்து, தான் சொன்னது பகிடி, மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டதை நாங்கள் அன்றுதான் கண்டோம். ஜெயராணி விம்மி விம்மிச் சொன்னாள். நாங்கள் ஒவ்வொருவராக வயிற்றைத் தொட்டு, கொட்டாஞ்சேனையில் பிறந்தாலும் நன்றாக இருக்கலாம், நாங்களும் இங்கே பிறந்துதானே இருக்கிறோம் என்று சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டு போனோம். பின்னேரமானபோது மிஞ்சியது யொனாஸ் மட்டும்தான்.

ஐறீன் தொலைபேசியை வயிற்றின்மேல் வைத்தாள். ஐந்து வருடமாக அவன் ஒருவன்தான் அந்தப் பிள்ளையைத் தன் வீட்டுக்கு வா என்று அழைத்துக்கொண்டிருந்தவன். இப்போது வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கடைசியில் தன் பாஷையில் சொன்னான், சின்ன வசனம்தான். ஐறீனுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் இரண்டாம் சொல்லில் அவனுடைய குரல் உடைந்ததும் எதைச் சொன்னான் என்று விளங்கியது, தொலைபேசியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அப்போதுதான் பன்னீர்க்குடம் உடைந்தது.

பொரளையில் அரை மணித்தியாலத்தில் பிறந்தாள், பெண் பிள்ளை. ஐந்து வயது உயரம், தோள் வரை தலைமயிர், வாய் நிறையப் பற்கள். தாதி பிடித்துக்கொள்ள மெல்ல மெல்ல முழங்காலை நீட்டி, கழுத்தை நிமிர்த்தி, சுற்றிவர நின்றவர்களுக்கு வணக்கம் சொன்னாள். ஐறீன் அன்றிரவு குப்புறப் படுத்துத் தூங்கினாள். மரீற்றா என்று பெயர் பதிந்தார்கள். பிறந்து ஐந்து வாரத்தில் முதலாம் வகுப்பில் சேர்க்கக் கொண்டுபோனபோது, அதிபர் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். பிள்ளையைத்தான் வகுப்பில் இருத்தப்போகிறோம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

தகப்பன் அந்த நாட்டுக்காரன் என்பதால் மரீற்றா பிறந்ததிலிருந்தே அந்த நாட்டுப் பிரஜை. நெஞ்சுப் படம், நேர்முகம் எதுவும் கேட்காமல் அவளுக்குப் பாஸ்போர்ட் இரண்டே கிழமையில் கூரியரில் வந்தது. ஜெயராணி அதைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தியிடம் கேட்டாள்.

“பிள்ளை, உங்களுக்கு எல்லாம் சரி வந்திட்டுது. அப்பாட்ட போறீங்களா?”

“அம்மாக்கு எப்ப வரும்?”

“அம்மா திரும்பப் போடவே அஞ்சு வருஷம் இருக்கோணும்.”

ஐறீன் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மரீற்றா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

“அஞ்சு வருஷம் பெரிசில்ல. நான் உள்ளுக்குள்ள இருந்திருக்கிறன்தானே. அம்மாக்குப் பக்கத்தில இருந்தா நாள் போறது தெரியாது,” என்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.