வலி இல்லாத முட்டி

...வலிக்கவில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை, சிதம்பரத்தில் பஸ் ஏறும்போது பழக்கத்தில் வலது காலைத்தான் முதலில் வைத்தேன், கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுத்தேன், அதற்குள் இடது கால் தானாகவே மேலே வந்து நின்றது, வேறு யாருடைய காலோ மாதிரி. டாக்டர் முட்டியிலிருந்து ஊசியை உருவி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ரெண்டு நாள் காலுக்கு ரெஸ்ட் குடுங்க என்றார், சரிங்க சார் என்றேன், நேராக மத்தியான ஷிப்டுக்குத்தான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரியதையே சொல்லவில்லையே. இதுக்கு முன்னாடி எங்கியாவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கீங்களா என்று கேட்டார். இல்ல சார். வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது... கடலூர் டாக்டர் தை மாதம் ஒன்று, பங்குனியில் ஒன்று, இதே முட்டியில் இதே ஊசியைப் போட்டதையும், மூன்றாவதுக்குப் போனபோது, "போதுங்க, வலிதான் போவும், தேய்மானம் போவாது, மேல மேல போட்டா இருக்கற ஜவ்வும் கரைஞ்சிடும்" என்று திருப்பி அனுப்பியதையும் சொல்லியிருந்தால் இவரும் போட்டிருக்க மாட்டார். போடாவிட்டால் பிளாண்டில் டவர் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாத ஆபரேட்டரைக் கம்பெனி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் சிந்துஜா இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்...

ராபர்ட் போட்டுக்கொண்டது ஜெல் ஊசி, தேய்ந்த மூட்டுக்குள் எண்ணெய் விடுகிற மாதிரி. அவனும் நானும் ஒரே ஷிப்ட், அவனுக்கும் இதே தேய்மானம், எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான், ஒரு மாதம் வலி குறையவே இல்லை, பிறகு கொஞ்சம் பரவாயில்லை என்றான், அந்தக் கொஞ்சம்தான் இன்றைக்கும். ஒவ்வொரு ஏணிப்படியிலும் ஆ, ஊ என்பான், வலி கூடினால் பாதியிலேயே நின்றுவிடுவான். "என்னா மச்சான், ஆயில் ஊத்தியும் கீச்சு கீச்சுங்குது?" என்று நான் கிண்டல் செய்தேன். "ஒனக்கென்னா, ஊசி போட்ட ஒடனே பறக்கற. அது எறங்கும்போது பாரு" என்றான். அவன் சொன்ன மாதிரிதான் ஆனது. முதல் ஊசி இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது, இரண்டாவது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அப்படியானால் இது? எது நல்ல ஊசி என்று யாரைக் கேட்பது, இரண்டு டாக்டரிடமும் இனி உண்மையைக் கேட்க முடியாது, எதைக் கேட்டாலும் பொய் வெளியே வந்துவிடும். போன தடவை வலி நின்றபோது என் பெண்டாட்டி கலைமணி கேட்டாள், "வலிதான் போயிடுச்சே, அப்புறம் இன்னா ராத்திரியெல்லாம் காலத் தடவித் தடவிப் பாக்கறீங்க?" எதையோ வைத்த இடத்தில் காணவில்லை என்றால் கை தேடுமே, அந்த மாதிரி...

புதுச்சத்திரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள், நான் எழுந்து இடம் கொடுத்தேன், நான்! சீட்டுக்காகப் பஸ்ஸையே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். ஆலப்பாக்கம் தாண்டி டிரைவர் பிரேக் போட்டதும் மொத்த பாரமும் இடது காலில் விழுந்தது, கடக் என்று ஒரு சத்தம். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, இன்னாது அது, உங்க கால்லயா சத்தம் வந்துது?" இல்லம்மா, பையில டிபன் பாக்ஸு. இன்றைக்கு இன்னொரு பொய். அவள் காதுக்கே கேட்டது, என் முட்டிக்கு ஏன் தெரியவில்லை? உள்ளே என்ன உடைந்தது, உடைந்ததா, நகர்ந்ததா? அதற்குள் கெமிக்கல் கம்பெனிகளின் அந்த அழுகல் முட்டை நாற்றம் ஜன்னல் வழியே ஏறிவிட்டது, முந்தானையும் கைக்குட்டையும் எல்லார் மூக்குக்கும் போயின, "செம்மங்குப்பம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க, கண்ண மூடிக்கினு வந்தாலும் மூக்கு சொல்லுமே" என்று கண்டக்டர் கத்தினார், சிலர் சிரித்தார்கள். எனக்கு எழிலன் ஞாபகம் வந்தது. எங்கள் பிளாண்டில் கான்டிராக்டில் இருந்தவன். பம்புக் குழிக்குள் நின்றுகொண்டு, "அண்ணே, நாத்தமே இல்லண்ணே இப்ப, கேஸ் நின்னுபோச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னான், அப்படியே மடங்கி உட்கார்ந்தான், அவனைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம், உயிர் இல்லை. மறுநாள் ஃபோர்மேன் சுப்பராயலு எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார், "நாத்தம் அடிக்கறப்பவே வெளிய வந்துடுங்கடா. திடீர்னு அடிக்கலன்னா கேஸ் போச்சின்னு நெனைக்காதீங்க, ஒங்க மூக்கு போச்சின்னு நெனைச்சிக்கினு ஓடுங்க"...

இறங்கினேன். கேட்டில் ராபர்ட் முட்டியைத் தேய்த்துக்கொண்டே நின்றிருந்தான். "யப்பா, மான்குட்டி மாரி எறங்குது பாரு! எங்க போயி போட்டுக்கினு வந்த? எனக்கும் சொல்லேன்டா." அவனுக்குப் பின்னால் டவர் ஏணி வெயிலில் செங்குத்தாக நின்றது. குனிந்து, கால்சட்டைக்கு மேலேயே, எப்போதும் வலிக்கிற அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தேன், முட்டிச்சில்லுக்குக் கொஞ்சம் உள்பக்கம், தூக்கத்தில்கூடத் தெரியும் எனக்கு அந்த இடம். அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ஈர மணல் மாதிரி உள்ளே ஏதோ நறநறத்தது. "வாடா, ஏறலாம்" என்கிறான் ராபர்ட், நான் விரலை எடுக்கவில்லை, கொஞ்சமாவது, ஒரு தடவையாவது, சுருக்கென்று வலிக்காதா...