குதிரை விழும் இடம் வரை

மாடிப்படியின் திருப்பத்தில் என்னை நிறுத்தி, "இன்னைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன்மா" என்றார் பல்லுக்காரர். புதுச் சட்டை போட்டிருந்தார். காலருக்கு அடியில் கடையில் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. தையல்காரி என் கண்ணில் அது படாமல் இருக்குமா, எடுத்துவிட்டேன். என்ன சொல்லப்போகிறார், யாரிடம் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படியே படியிறங்கி வீட்டுக்குப் போயிருப்பார். "படம் போடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்கண்ணே. போட்டப்புறம் நம்மள்ல யாருக்கும் காது கேக்காது" என்று மட்டும் சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார்.

மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடை அக்காவுக்குக் கடைக்கு மேலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்ததும் நாங்கள் நான்கு பேரும் அங்கே கூடிக் குதிரைப் படம் பார்ப்போம். வேறு படம் கிடையாது. அன்றைக்கு அறை பாதி காலியாக இருந்தது. சுவரோரமாக அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அக்கா அடுத்த வாரம் தன் தம்பி வீட்டோடு போய் இருக்கப்போகிறார். ராத்திரி ரயில் ஏறினால் விடிந்துதான் இறங்க வேண்டிய தூரம். தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறாய் என்று அந்தத் தம்பி வருஷக்கணக்காக நச்சரித்து, கடைசியில் அக்காவும் சரி என்றுவிட்டார். கடையை எடுத்து நடத்த ஆளும் வந்தாகிவிட்டது. பல்லுக்காரருக்கு அவரைப் போகவிட மனமில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு அவருக்கு ஒன்பது வருஷம் இருந்தது. அதையெல்லாம் கோட்டை விட்டுவிட்டு, கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுச் சட்டை வாங்கியிருந்தார்.

பல்லுக்காரர் என்றால் பல் மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பார். மனைவி தவறிப் பல காலமாகிறது. மகள் கல்யாணமாகித் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பள்ளிக்கூட வேன் ஓட்டும் தம்பியும் கண்ணாடிக்கடைக்காரியை வாய் நிறைய அக்கா என்போம். இவர் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கா என்றோ தங்கச்சி என்றோ ஒரு தடவை வாய்தவறி வந்துவிட்டால் பிறகு காலத்துக்கும் உடன்பிறப்பாகவே இருந்துவிட வேண்டியதுதானே. அதனால் கூப்பிட வேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அக்காவும் அந்தக் கனைப்புக்கு 'என்ன?' என்று திரும்பப் பழகிவிட்டார். "அண்ணனுக்குச் சளி ஒன்பது வருஷமா விடல" என்பான் வேன்காரத் தம்பி.

எங்களில் ஒருவரும் குதிரைமேல் ஏறியதில்லை. வேன்காரத் தம்பி மட்டும் ஒரு முறை தொட்டிருக்கிறான். அது அவன் முகத்தில் தும்மிவிட்டது, அந்தப் பெருமையை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆனால் படத்தில் ஒரு குதிரை வந்துவிட்டால் எங்கள் கண்ணுக்குத் தப்பாது. பின்னங்காலில் வெள்ளை இருந்ததா இல்லையா, இந்தக் காட்சிக்கு வேறு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களா என்று சண்டை பிடிப்போம். நான் சேணத்தின் தையலைப் பார்ப்பேன். வேன்காரன், வளைவில் எந்தக் கால் முதலில் விழுகிறது என்று பார்ப்பான். அக்காவுக்குக் கண். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது, அதனால்தான் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். படத்தின் பெயரெல்லாம் எங்களுக்கு நினைவிருக்காது. சுரங்கக் குதிரை, உப்புவெளிக் கறுப்பி, தபால்காரன் குதிரை, இப்படித்தான் பேச்சு. கதாநாயகனுக்கு 'அந்த ஆள்' என்று பெயர்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. குதிரை சாகப்போகிறது என்று தெரிந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட வேண்டும். அது அக்காவின் சட்டம். ஏழு வயதில் அப்பாவோடு முதல் குதிரைப் படத்துக்குப் போனாராம். ஆற்றில் ஓடம் இழுக்கும் ஒரு பழுப்புக் குதிரை வெள்ளத்தில் அடித்துப்போய்க் கரையில் கிடக்கிறது. 'செத்துடுச்சும்மா, வா போகலாம்' என்று அப்பா அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அழுதுகொண்டே கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்களாம். அதற்குப் பிறகு எந்தக் குதிரை சாவதையும் அக்காவால் பார்க்க முடிந்ததில்லை. அதனால் நிறுத்திய இடத்தோடு குறுந்தட்டைப் பல்லுக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவார், தனியாக மிச்சத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு தட்டைத் திருப்பிக் கொடுத்து முடிவைச் சொல்வார்.

அவர் சொன்ன முடிவில் ஒரு குதிரையும் செத்ததில்லை. எப்படியாவது ஒரு மருத்துவர் வந்துவிடுவார். வந்து முதல் வேலையாகக் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். உப்புவெளியின் நடுவில் மருத்துவர் எங்கிருந்து வந்தார் என்று வேன்காரன் குடைந்தபோது, "வண்டியிலதான் வந்தாரு, நடந்தா வருவாரு?" என்றார் பல்லுக்காரர். எல்லா மருத்துவரும் ஏன் பல்லையே பார்க்கிறார்கள் என்று அக்கா ஒரு தடவை கேட்டார். "குதிரைக்கு உசுரே பல்லுலதான் இருக்கு" என்று துளியும் சிரிக்காமல் சொன்னார் மனிதர். அக்கா நம்பினார். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் முடிவைக் கேட்டு அக்கா விடும் அந்த மூச்சைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது?

அன்றைக்கு அக்காவே ஒரு குறுந்தட்டை வைத்திருந்தார். ஓடக் குதிரை. "எங்கயோ தேடிப்பிடிச்சு வாங்கினேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும். அப்பா தூக்கிட்டுப் போன இடம் வரைக்கும் போதும்" என்றார். நான் பல்லுக்காரரைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்தார். "என்ன?" என்று திரும்பினார் அக்கா. "ஒண்ணுமில்ல, போடுங்க" என்றுவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தக் குண்டூசியை மறுபடி குத்தியிருப்பேன்.

பழைய படம், ஆனால் குதிரை அபாரம். கனத்த கழுத்து, கணுக்காலில் மயிர்க்கொத்து. இரண்டு குதிரைகளை மாற்றி மாற்றி எடுத்திருந்தார்கள், வேன்காரன் கண்டுபிடித்துக் கூத்தாடினான். வெள்ளம் வந்ததும் எல்லோரும் அடங்கிவிட்டோம். கயிறு அறுந்தது. ஓடம் போனது, கூடவே குதிரையும். கரையில் அதைக் காட்டியபோது வயிறு அசையவில்லை. அக்கா பழக்கத்தில் ரிமோட்டைத் தூக்கினார்.

"நிறுத்தாதீங்க" என்றார் பல்லுக்காரர்.

ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் யாரும் சொல்லாத வார்த்தை. அக்கா படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியுமே. அப்பா சொல்லிட்டாரே."

"உங்கப்பா முழுசாப் பாக்கல. விடுங்க, ஓடட்டும்."

அக்கா திரும்பி உட்கார்ந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். ஓடக்காரன் குதிரையின் கழுத்தருகே உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்தே இருக்கிறான். ஆற்றைக் காட்டினார்கள், வானத்தைக் காட்டினார்கள், எங்கள் பொறுமையை நன்றாகச் சோதித்தார்கள். அதன்பிறகு மூக்குத் துவாரம் லேசாக விரிந்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, சறுக்கி, மறுபடி ஊன்றி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கி நிறுத்தியது. உதறியதில் ஓடக்காரன் முகமெல்லாம் சேறு. வேன்காரன் எழுந்து நின்று கைதட்டினான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கடைசி பஸ்ஸு! அய்யோ, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, அதான் அந்த மனுஷன் குதிரையைச் சாகடிச்சிட்டாரு!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பல்லுக்காரரும் சிரித்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். வெறுங்கையோடு அனுப்பாமல், போகிறவரிடம் ஒரு குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்ட வெளிச்சம். அந்த ஜோரிலேயே கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு இது எப்போலருந்து தெரியும்?"

"நீங்க மொதல் தடவை அந்தக் கதையைச் சொன்னீங்கல்ல, அந்த வாரமே தேடிப்பிடிச்சுப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கப்பா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதான்."

அக்கா ரிமோட்டை மடியில் வைத்தார். கடைக்கு வருகிறவர்களிடம் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு அவருக்குப் பழக்கம். அதே குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உப்புவெளிக் கறுப்பி?"

பல்லுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சேலை நுனியைப் பார்த்தேன்.

"செத்துப்போச்சு" என்றார்.

"சுரங்கக் குதிரை?"

"அதுவும்தான்."

"எனக்கு இது ஒண்ணு மட்டும் தெரியும்க்கா, வீட்டுல டிவில போட்டுட்டான்" என்று வேன்காரன் தானாக வந்து மாட்டிக்கொண்டான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

"தபால்காரன் குதிரை? அது கண்ணு தெரியாம புல்லு மேஞ்சுக்கிட்டு நல்லாருக்குன்னீங்களே?"

"அதை அந்த ஆளே சுட்டுட்டான்."

அக்கா கேட்டுக்கொண்டே போனார். பல்லுக்காரர் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் மனிதர் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போனார். இத்தனை குதிரைகளை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தவர், பத்து நிமிஷத்தில் அத்தனையையும் கொன்று தீர்த்தார். எனக்கு அக்கா மேலும் கோபம் வரவில்லை, அவர் மேலும் வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"எதுக்காக?" என்றார் அக்கா.

"முடிவைக் கேட்டதும் ஒரு மூச்சு விடுவீங்க. அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல."

"அப்பா என்னைத் தூக்கிட்டுப் போனாரு. எனக்கு ஏழு வயசு, சரி. நீங்க உக்கார வச்சே தூக்கிட்டுப் போயிட்டீங்களே. எனக்கு அம்பத்திரண்டு."

பல்லுக்காரர் வாயைத் திறந்தார். கனைக்கவில்லை. "போகாதீங்க" என்றார். "உங்க தம்பி வீட்டுக்குப் போகாதீங்க. என்னைக் கட்டிக்குவீங்களான்னு கேக்கத்தான் இன்னைக்கு வந்தேன். இப்ப கேக்கற நேரமில்லன்னு தெரியுது. ஆனா இன்னைக்கு விட்டா எனக்கு நேரமே இல்ல."

பெட்டிக்குள் வைத்த ஊசி நூல்போல ஒன்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை எடுக்க இந்த நேரமா கிடைத்தது! தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வேன்காரன் ஜன்னல் பக்கம் போய்த் தெருவில் தன் வேன் இருக்கிறதா என்று பார்த்தான். அது எங்கே போய்விடும்?

அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அட்டைப்பெட்டிகளின் முன்னால் மண்டியிட்டார். ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் கிழித்தார். முதல் பெட்டியில் பாத்திரங்கள். இரண்டாவதில் தேடி, உப்புவெளிக் கறுப்பியை எடுத்து அவரிடம் நீட்டினார். "நாம நிறுத்தின இடத்துலருந்து போடுங்க."

"வேண்டாம். நல்லா இருக்காது."

"போடுங்க."

போட்டார். இடம் தேட வேண்டியிருக்கவில்லை, அவருக்கு அத்துப்படி. வெள்ளை வெளேரென்று உப்பு, நடுவில் கறுப்புப் பெண்குதிரை. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அந்த ஆள் தன் தொப்பியால் அதன் கண்ணுக்கு நிழல் பிடித்தான். தண்ணீர்ப் பையைக் கவிழ்த்தான், சொட்டு வரவில்லை. விலா ஏறி இறங்கியது, ஏறியது, இறங்கியது, பிறகு ஏறவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தேம்பியது வேன்காரத் தம்பிதான்.

முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். ஆனால் படம் முடியவில்லை. அந்த ஆள் வாரைத் தளர்த்தி, குதிரையின் மேலிருந்து சேணத்தை உருவினான். தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். அதன் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடக்க ஆரம்பித்தான். குதிரை செத்த பிறகும் படம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நிறைய இருக்கு" என்றார் பல்லுக்காரர். "இனிமேதான் அவன் நடக்கறான்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உப்பில் அவனுடைய காலடி மட்டும் ஒற்றை வரிசையாக நீண்டது. தொலைவில் ஏதோ மேடு தெரிந்தது. அவன் நின்று, சேணத்தை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, அதை நோக்கி நடந்தான்.