கேமரா பார்க்காத இருபது நிமிடம்

1
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. இன்று கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல், வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்திருக்கிறேன்.

முதல் வரி: "எலக்ட்ரீஷியன் ரொம்ப நல்லவர்." [அடித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்?]

மறுபடி: "எலக்ட்ரீஷியன் எட்டு வருடத்துக்கு முன்பு திருட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போனவர்." [இது எல்லோருக்கும் தெரியும். அவரே சொன்னது.]

2
எங்கள் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத் தேர்தலில் அவர் நிற்கிறார். லிஃப்ட் நின்றால் ஓடிவருகிற ஒரே ஆள் என்பதால் இரண்டாம் மாடிக்காரர்கள் முன்மொழிந்தார்கள். இன்றைய கூட்டத்தில் மூன்றாவது பொருள்: 'குற்றப் பதிவு உள்ளவர் நிர்வாகக் குழுவில் இருக்கலாமா?' நான்காவது, நாய்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். வீட்டைவிட்டு வெளியே வந்தால் வாசலில் இருக்கும் கண்காணிப்புக் கேமராவுக்குக் கீழேதான் நிற்பார். போன் பேசினாலும் பேப்பர் படித்தாலும் அங்கேயேதான். "நோட்டம் பாக்குறான்" என்பார் சங்கச் செயலாளர்.

நான் அவரிடமே கேட்டேன்.

"எது காணாம போனாலும் மொதல்ல என்னைத்தானே தேடுவாங்க தம்பி? நான் எங்க இருந்தேன்னு அது பாத்து வெச்சுக்கட்டும்."

3
[இதை நான்கு முறை எழுதிவிட்டேன்.]

போன செவ்வாய், பகல் பதினொன்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை கொட்டப் போனேன். கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, அம்மா வேலையில். மாற்றுச் சாவி சங்க அறையில்; அது பூட்டியிருந்தது, செயலாளரைக் காணோம். கேமராவுக்குக் கீழே வழக்கம்போல எலக்ட்ரீஷியன்.

"அண்ணே, தெறந்து விடுங்கண்ணே."

"அதை மட்டும் கேக்காத தம்பி. அந்த வேலைய விட்டாச்சு."

"உள்ள தீயுதுண்ணே!"

அப்போது கரண்ட் போனது. அவர் அண்ணாந்து பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

நாற்பது நொடியில் கதவு திறந்தது. பிறகு கரண்ட் வரும்வரை, இருபது நிமிடம், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேமரா இல்லாத நேரத்தில் வெளியே போக அவருக்குப் பயம்.

"யார்கிட்டயும் சொல்லிடாத."

அதே இருபது நிமிடத்தில் யாரோ சங்க அறையைத் திறந்து, எல்லா வீட்டு மாற்றுச் சாவிகளும் இருந்த பெட்டியைத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

4
"கரண்ட் இல்லாதப்ப எங்க இருந்தீங்க?" என்று கூட்டத்தில் கேட்டார் செயலாளர்.

"வீட்லதான் சார்."

"நான் வந்து தட்டினேனே. யாரும் தெறக்கலையே."

(செயலாளர் அந்த இருபது நிமிடம் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர்மேல் பழைய வழக்கு எதுவும் இல்லை.)

எலக்ட்ரீஷியன் என் பக்கம் திரும்பவே இல்லை. கருகிய பாத்திரத்தைப் பார்த்து அன்றே என்னிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம உக்காருடா. பெட்டியத் தூக்கினவன் இங்கதான் எங்கயோ உக்காந்திருக்கான். நம்ம வீட்டுச் சாவியும் அவன்கிட்டதான் இருக்கு."

5
முடிவு அ: நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். "ஓகோ, நாற்பது செகண்டுல தெறந்துட்டாரா?" என்கிறார் செயலாளர். எலக்ட்ரீஷியனைச் சுற்றியிருந்த நாற்காலிகள் மெல்ல நகர்கின்றன.

முடிவு ஆ: நான் சொல்லவில்லை. போலீஸ் வருகிறது. அவர் மறுபடி

முடிவு இ: உண்மையான திருடன் அகப்படுகிறான். [ஆதாரம் எதுவும் இல்லை. ஆசைதான்.]

எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டில் இருந்தது இதுவரை மூன்று பேருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். நாளை மாலை ஆறு மணிக்குக் கூட்டம் தொடர்கிறது. கடைசி வரிசையில், என் பக்கத்தில், ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன். செயலாளர் அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

நான் உங்களைத்தான் பார்ப்பேன். எலக்ட்ரீஷியனைப் போல யாரையும் பார்க்காமல் இருக்க எனக்கு வராது.