அளக்காத தண்ணீர்

சமரீன் இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டபோது போன் அடித்தது. பேசியது பாஞ்சாலி. பாலக்கோட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் சமைப்பவள். சமரீன் தன் ஆய்வுக்காகத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போன இடத்தில் பழக்கம்.

“மேடம், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுதான் கூப்ட்டேன். நீங்க எழுதுன புக்குல எங்க மேட்டு போர் தண்ணி குடிக்க நல்லதுன்னு போட்டிருக்காம். பஞ்சாயத்து கிளார்க் சார் போன்லயே எடுத்துக் காட்டுனாரு. இனி வண்டித் தண்ணிக்குக் காத்துக் கெடக்க வேணாம்னு, அந்த போர்ல இருந்தே எங்களுக்குக் குழா போட்டுக் குடுத்துட்டாரு. பத்து நாளா சமையலுக்கும் அதான், புள்ளைங்க குடிக்கறதும் அதான்.”

சமரீன் தட்டைத் தள்ளி வைத்தாள். பாஞ்சாலி புக்கு என்றது அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை. அந்த மேட்டு போரைக் கோடையில் அவள் அளக்கவே இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரை என்பது எழுதியவரும் அச்சிட்டவரும் தவிர யாரும் படிக்காத சரக்கு என்று ஆய்வு மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவளும் சிரித்தவள்தான். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு உண்டு. அளவு மீறினால் பிள்ளைகளின் பல் பழுப்பேறும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பே வளையும். நாற்பது ஆழ்துளைக் கிணறுகளை மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அளப்பது அவள் வேலை. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக உப்பு ஏறும் என்பதால்தான் இரண்டாவது சுற்றே.

அந்தச் சுற்றில் மூன்று போர் பாக்கி இருந்தபோது அவளுக்கு அம்மை போட்டது. கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. பத்திரிகை கொடுத்த கெடுவோ ஒரு வாரம். “மழைக்கால ரீடிங்கையே கொஞ்சம் முன்ன பின்ன மாத்திப் போட்டுடும்மா. மூணே மூணு பாயிண்ட். யாரு போய்ப் பாக்கப் போறாங்க?” என்றார் வழிகாட்டி மாதவராஜ். அவளும் போட்டாள். கட்டுரை வந்த அன்று துறையில் கேக் வெட்டினார்கள்.

இப்போது அவருக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“அந்த ஊருக்கு நீ போகாத. ஒண்ணும் ஆகாது. வாயத் தொறந்தியோ, கட்டுரை போச்சு, உன் அஞ்சு வருஷம் போச்சு, என் பேரும் போச்சு.”

சமரீன் தொடர்பைத் துண்டித்துவிட்டு, தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். வழியெல்லாம் நல்ல தண்ணீராகவே இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஒரு ஆசை. இல்லாவிட்டால் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அங்கன்வாடியில் பதினோரு பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். சமரீன் பாய்ந்து அதைப் பிடுங்க, குழந்தை வீறிட்டு அழுதது.

“என்னாங்க மேடம்?” என்று பதறி வந்தாள் பாஞ்சாலி.

சமரீன் குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, பெட்டியிலிருந்த ரசாயன மருந்தைச் சொட்டு விட்டாள். ரோஸ் நிறமாகவே நின்றால் தண்ணீர் நல்லது. நிற்கவில்லை. கண்ணெதிரே வெளுத்து, மஞ்சளாகிப்போனது. நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இருக்கக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்கு.

“மஞ்சளானா கெட்டதுங்களா? புக்குல நல்லதுன்னு இருந்துச்சே. வெயில்ல தண்ணி மாறிப் போயிருக்கும், இல்லீங்களா மேடம்?”

பாவம், தப்பிக்கும் வழியையும் பாஞ்சாலியே திறந்து வைத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டம் பிழைத்துவிடும், மாதவராஜ் பெயரும் பிழைத்துவிடும். பிள்ளைகளுக்கும் இன்றோடு இந்தத் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் அளக்காமல் விட்ட போர் இன்னும் இரண்டு இருந்தன. அங்கே யார் வீட்டுப் பிள்ளை குடிக்கிறதோ?

“இல்லக்கா,” என்றாள் சமரீன். “நான் வெயில் காலத்துல இந்த போர அளக்கவே இல்ல. அளந்த மாதிரி எழுதிட்டேன்.”

பாஞ்சாலி உள்ளே போய்ச் சோற்றுக் குண்டானையும் இரண்டு குடங்களையும் தூக்கி வந்து வெளியே கொட்டினாள். சமரீன் அங்கேயே தரையில் உட்கார்ந்து கிளார்க்குக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். மற்ற இரண்டு ஊர்களுக்கும் உடனே சொல்லச் சொன்னாள். பிறகு, மூன்று அளவுகள் பொய், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்குப் போனிலேயே கடிதம் தட்டினாள். அனுப்பும்போது விரல் இரண்டு முறை பின்வாங்கியது. மூன்றாம் முறை அழுத்திவிட்டாள். தன் ஐந்து வருட உழைப்பு என்ன ஆகுமோ, அவளுக்குத் தெரியாது.

“தப்பா எழுதிக் குடுத்துட்டேன்கா. என்னத் திட்டுங்க.”

“திட்டி என்னாங்க பண்றது?” பாஞ்சாலி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எங்கூர்ல யாராச்சும் தண்ணி நல்லதுன்னு சொன்னா, நாங்க நாலு பேரக் கேட்டுட்டுத்தான் வாயில வெப்போம். படிச்சவங்க எழுதிட்டாங்கன்னா யாரையும் கேக்கறதில்ல, அப்பிடியே புள்ளைங்களுக்கு ஊத்திடறோம். அதனால அளக்காதத எழுதாதீங்க மேடம்.”